கண்ணுக்குள் நுளம்பு பறக்கிற மாதிரி இருக்கிறதா? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கண்ணில் வரும் வைரஸ் தொற்று: கேள்வி பதில்

நான் வைத்தியர் இல்லை. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கொழும்பில் கிளினிக்குக்குப் போகும்போது கூடப் போய், டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும் இவர்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் மாற்றிச் சொல்வது என் வேலை. பல வருடமாக இதையே செய்வதால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். அவற்றில் கண் சம்பந்தமானவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். மருந்து அளவுகளை எழுதியிருப்பது உங்கள் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்குவதற்கு மட்டும்தான், தயவு செய்து அதைப் பார்த்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அப்படியென்றால் கண்ணும் போய்விடுமா அக்கா?

இல்லை. ஒழுங்காக ஏ.ஆர்.டி. குளிசை, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து போட்டு, சி.டி.4 நல்ல அளவில் இருப்பவருக்கு நான் கீழே எழுதப்போகும் பெரிய வருத்தங்கள் வருவது அரிது. சி.டி.4 என்பது உடம்பைக் காக்கும் ஒரு வகை வெள்ளை அணுவின் எண்ணிக்கை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 500 முதல் 1500 வரை இருக்கும். அது 100, 50 என்று இறங்கிய பிறகுதான் கண்ணுக்கு உண்மையான ஆபத்து. 1996இல் கூட்டு மருந்துகள் வருவதற்கு முன்னால், மேலை நாடுகளில் எயிட்ஸ் நிலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு சி.எம்.வி. வைரஸ் விழித்திரையைத் தாக்கியது. மருந்து வந்த பிறகு அது பத்தில் ஒன்று, இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது.

நான் கூடப் போனவர்களில் கண் கெட்டவர்கள் இரண்டே விதம். ஒன்று, எச்.ஐ.வி. இருப்பதே தெரியாமல் இருந்து மிகப் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். மற்றது, வெளிநாட்டு வேலை, வீட்டுப் பிரச்சினை, மனச்சோர்வு என்று ஏதோ ஒரு காரணத்தால் குளிசையை நிறுத்தி இரண்டு மூன்று வருடம் கிளினிக் பக்கமே வராதவர்கள். நீங்கள் இரண்டாவது விதமாக இருந்தால், உங்களை யாரும் ஏசப்போவதில்லை, இந்தக் கிழமையே திரும்பிப் போங்கள்.

சி.எம்.வி. என்றால் என்ன? நான் அதை எங்கே பிடித்தேன்?

சைட்டோமெகலோ வைரஸ். பெரும்பாலான ஆட்களின் உடம்பில் சின்ன வயதிலேயே வந்து, சத்தமில்லாமல் படுத்திருக்கும் வைரஸ் அது. உங்கள் அம்மாவிடம் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடமும் இருக்கும். நீங்கள் செய்த எதனாலும் புதிதாக வந்ததில்லை. உடம்பின் காவல் குறைந்தால் எழும்பி விழித்திரையை அரிக்கத் தொடங்கும். கண்ணுக்குப் பின்புறம், கமராவின் பிலிம் மாதிரி இருக்கும் மெல்லிய தோல்தான் விழித்திரை.

கண் சிவக்கவில்லை, வலியும் இல்லை, பீளையும் இல்லை. ஏதோ நுளம்பு பறக்கிற மாதிரி மட்டும் தெரிகிறது. இதற்கெல்லாமா ஓடுவது?

இதற்குத்தான் ஓட வேண்டும். எல்லோரும் ஏமாந்துபோகும் இடம் இது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் ஆட்களுக்குக் கண் வருத்தம் என்றால் சிவப்பு, எரிவு, பீளை, வீக்கம். கண்நோய் வந்தால் உடனே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மருந்து தேடுவோம். ஆனால் விழித்திரைக்கு வலி தெரியாது. சி.எம்.வி. அதை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும்போது வெளியே கண் வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கும். தெரிவதெல்லாம் மிதக்கும் புள்ளிகள், நூல் மாதிரி, நுளம்பு மாதிரி ஏதோ ஓடுவது, மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு ஓரத்தில் வெளிச்சம், பார்வையில் ஒரு இடம் மட்டும் இருட்டாக அல்லது புகையாக இருப்பது. சிலருக்கு அதுவும் தெரியாது, ஏனென்றால் ஒரு கண் கெட்டாலும் மற்றக் கண் ஈடுகட்டிவிடும். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தம்பி, ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கம் வரும் ஓட்டோ தெரியாமல் இரண்டு தடவை இடிபடப்போன பிறகுதான், இடது கண்ணை நம்ப முடியவில்லை என்று உணர்ந்தார். அவருக்கு ஒரு நாளும் கண் வலிக்கவில்லை.

ஆக, சி.டி.4 குறைந்தவர் இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தால் அடுத்த கிளினிக் தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கோ மறுநாளோ காட்ட வேண்டும்.

வீட்டில் நானே பார்க்க ஏதாவது வழி உண்டா?

உண்டு, செலவும் இல்லை. காலையில் சுவரில் தொங்கும் கலண்டரைப் பாருங்கள். முதலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, நடுவில் உள்ள ஒரு தேதியையே உற்றுப் பார்த்துக்கொண்டு, நான்கு மூலையும் தெரிகிறதா, கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. நேற்று இருந்ததும் இன்றைக்கு இருப்பதும் ஒன்றில்லை என்றால் கிளம்புங்கள். ஆனால் இந்தச் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்தால் கண் சரி என்று அர்த்தமில்லை. ஆரம்பத்தில் நோய் ஓரத்தில் ஒளிந்திருக்கும். அதனால்தான் சி.டி.4 100க்குக் கீழே உள்ளவர்களை, ஒரு முறைப்பாடும் இல்லாவிட்டாலும், கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கொழும்பில் எங்கே போவது?

ஏற்கெனவே எச்.ஐ.வி. கிளினிக்குக்குப் போகிறவர் முதலில் அங்கே சொல்லுங்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்காக இருக்கலாம், அங்கொடையில் உள்ள தொற்றுநோய் வைத்தியசாலையான ஐ.டி.எச். ஆக இருக்கலாம். அவர்கள் கண் வைத்தியருக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. பார்வை திடீரென்று இறங்கினால் கடிதத்துக்குக் காத்திராமல் நேரே அங்கே போங்கள். தனியாரில் சனல் பண்ணுவதென்றால் சும்மா கண்ணாடி எழுதித் தருபவரை விட்டு, விழித்திரை பார்க்கும் கண் வைத்தியரைக் கேட்டு நம்பர் எடுங்கள்.

கண் டொக்டரிடம் எச்.ஐ.வி. என்று சொல்லத்தான் வேண்டுமா? அங்கே வேலை செய்பவர் ஒருவர் எங்கள் லேனில்தான் இருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் கனக்கும். உங்கள் பயம் கற்பனை இல்லை, வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் மாலைக்குள் அந்த ஒழுங்கைக்கே தெரிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனாலும் சொல்லுங்கள். ஏன் என்று கேளுங்கள். நான் பிறகு கூடப் போன ஒரு ஐயா, முதலில் ஒரு தனியார் இடத்தில் எச்.ஐ.வி. விஷயத்தை மறைத்துக் காட்டியிருந்தார். கண் வெளியே சுத்தமாக இருந்ததால் சாதாரண துளிமருந்தும் கண்ணாடிக்கான துண்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்குத் தெரிந்தது அறுபது வயது ஆள், பார்வை மங்கல் என்பது மட்டும். ஐயா திரும்ப வரும்போது ஒரு மாதம் போயிருந்தது. வலது கண்ணில் நடுப்பார்வை போயிருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே கண்மணியை விரித்துப் பார்த்திருப்பார்கள்.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் எச்.ஐ.வி. கிளினிக்கில் கடிதம் கேட்டு, உறையை ஒட்டி, டொக்டரின் கையிலேயே கொடுங்கள், மேசையில் வைக்க வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மொழிபெயர்க்க உறவுக்காரப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள், பிள்ளைக்கு முன்னால் நீங்களும் பேசமாட்டீர்கள், டொக்டரும் பேசமாட்டார்.

கண்மணியை விரிக்கும் துளி போட்டால் என்ன ஆகும்?

மூன்று நான்கு மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் குத்தும். மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள், கறுப்புக் கண்ணாடியும் கூட ஒரு ஆளும் இருந்தால் நல்லது. வேறொன்றும் இல்லை. சி.எம்.வி. என்றால் விழித்திரையில் வெண்மஞ்சள் திட்டும் இரத்தக் கசிவும் கலந்து தெரியும், அனுபவமுள்ளவர் பார்த்தவுடனேயே பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஆனால் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, காசநோய், சிபிலிஸ் இவையும் கண்ணுக்குள் போய் வேஷம் போடும், அதனால் இரத்தப் பரிசோதனைகள் எழுதினால் ஏன் என்று சலிக்காமல் செய்யுங்கள்.

சி.எம்.வி. என்று சொல்லிவிட்டார்கள். என்ன மருந்து, எவ்வளவு நாளுக்கு?

வைரஸை அடக்கும் மருந்து, அதோடு ஏ.ஆர்.டி. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

வழக்கமாகக் கொடுப்பது வால்கான்சிக்ளோவிர் குளிசை. ஆரம்பத்தில் 14 முதல் 21 நாள் வரை தடவைக்கு 900 மில்லிகிராம், அதாவது 450 மில்லிகிராம் குளிசை காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, சாப்பாட்டோடு. பிறகு அதே 900 நாளுக்கு ஒரு தடவை, பல மாதங்களுக்கு. குளிசையை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. விழுங்க முடியாதவருக்கு, அல்லது நோய் கடுமையாக இருந்தால், கான்சிக்ளோவிரை வார்டில் வைத்து நரம்பில் ஏற்றுவார்கள். ஃபொஸ்கார்னெட் என்று இன்னொன்றும் உண்டு, அது சிறுநீரகத்தைப் படுத்தும், இரத்தத்தில் கல்சியம், மக்னீசியத்தைக் குறைக்கும். அதனால் சேலைனும் அடிக்கடி இரத்தம் எடுப்பதும் கூடவே வரும்.

விலை கூடிய குளிசை இது. அதனால் வெளியே பார்மசிக்குத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுமுன் வைத்தியசாலையில் கிடைக்குமா என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் வாங்க முடியாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு வாங்காமல் வீட்டில் இருந்துவிடுவது வேண்டாம். வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கண்ணுக்குள்ளே ஊசியா? நான் மாட்டேன்.

எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். மரக்கச் செய்யும் துளி போட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக மெல்லிய ஊசியால் கான்சிக்ளோவிரை உள்ளே விடுவார்கள். ஊசி போகும் நேரம் ஒரு சில வினாடிதான். நடுப்பார்வைக்குக் கிட்டத்தில் நோய் வந்துவிட்டால் குளிசை இரத்தத்தில் ஏறி வேலை செய்யும்வரை பொறுக்க முடியாது, அதற்குத்தான் இது. மருந்து செலவும் இதில் குறைவு. குறை என்னவென்றால், ஊசி போட்ட கண்ணுக்கு மட்டும்தான் பலன், மற்றக் கண்ணையும் குடல் போன்ற மற்ற உறுப்புகளையும் அது காக்காது. அதனால் முடிந்தவரை குளிசையையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஊசி போட்ட அடுத்த நாட்களில் கண் வலித்துச் சிவந்து பார்வை குறைந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

இந்தக் குளிசைக்குப் பக்க விளைவு?

முக்கியமானது இரத்த அணுக்கள் குறைவது. வெள்ளை அணு குறைந்தால் காய்ச்சல், தொண்டைப் புண் வரும், சிவப்பணு குறைந்தால் களைப்பு, மூச்சு வாங்கும். அதனால் ஆரம்பத்தில் அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். உங்கள் ஏ.ஆர்.டி.யில் ஸிடோவுடின் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து எலும்பு மச்சையை இன்னும் அடக்கும், மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைக் குறைப்பார்கள்.

இன்னொரு விஷயம், இது வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்யக்கூடிய மருந்து. பெண்கள் மருந்து போடும்போதும் முடித்து 30 நாள் வரையும், ஆண்கள் 90 நாள் வரையும் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருக்கிறீர்களோ என்ற சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால் முதல் குளிசைக்கு முன்னால் சொல்லுங்கள்.

ஏ.ஆர்.டி. தொடங்கிய பிறகுதான் பார்வை கூடுதலாக மங்கியது. குளிசைதான் கண்ணைக் கெடுத்ததா? நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: உடம்பின் காவல் திரும்பி வந்து, கண்ணுக்குள் மிச்சமிருக்கும் வைரஸோடு சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டையில் கண் வீங்குகிறது, நடுப்பார்வை இருக்கும் இடத்தில் நீர் கட்டுகிறது. ஏ.ஆர்.டி. தொடங்கிய கிழமைகளிலோ மாதங்களிலோ இது வரலாம். வீக்கத்தை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து கொடுத்து ஆற்றுவார்கள். அப்போது உங்கள் ஏ.ஆர்.டி. பெயர்களைக் கண் வைத்தியருக்குக் காட்ட வேண்டும். ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவருக்குச் சில ஸ்டீரொய்ட் ஊசிகள் உடம்பில் தங்கி, முகம் வீங்கி, சீனி ஏறி வேறு தொல்லை கொடுக்கும். இப்போது பலர் எடுக்கும் டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் கூட்டுக் குளிசையில் அந்தச் சிக்கல் இல்லை.

இந்தப் பயத்தால் ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போடவும் வேண்டாம். சி.எம்.வி. மருந்து தொடங்கி இரண்டு கிழமைக்குள் அதையும் தொடங்குவதுதான் வழக்கம். 2004 கடைசியிலிருந்து அரச கிளினிக்கில் அது இலவசம்.

சி.எம்.வி. குளிசையை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா?

வேண்டாம். சி.டி.4 100க்கு மேலே ஏறி மூன்று முதல் ஆறு மாதம் வரை அப்படியே நின்று, கண்ணில் தழும்பு மட்டும் மிச்சமிருக்கிறது என்று கண் வைத்தியர் சொன்னால் நிறுத்தலாம். பிறகும் சில மாதத்துக்கு ஒரு தடவை கண் பார்க்க வேண்டும். ஏ.ஆர்.டி. மட்டும் வாழ்நாள் முழுக்க.

போன பார்வை திரும்புமா?

பொய் சொல்ல விரும்பவில்லை. வைரஸ் தின்ற விழித்திரை மறுபடி முளைக்காது. மருந்து இருக்கிறதைக் காப்பாற்றும், மற்றக் கண்ணைக் காப்பாற்றும். வீக்கத்தால் மங்கிய பார்வை ஓரளவு திரும்பலாம். தின்ற இடம் தாள் மாதிரி மெலிந்துவிடுவதால் பிறகு ஓட்டை விழுந்து விழித்திரை கழன்று வரவும் கூடும். திடீரென்று புள்ளிகள் மழையாகக் கொட்டினால், திரைச்சீலை இழுத்தது போல ஒரு பக்கம் மறைந்தால், அது சத்திரசிகிச்சைக்கான அவசரம், இரவு என்றாலும் போக வேண்டும். சிலிக்கன் எண்ணெய் வைத்து விழித்திரையை ஒட்டிப் பிடிப்பார்கள்.

நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம், சரியான எரிவு. அம்மா அக்கி என்கிறார், காவி பூசச் சொல்கிறார்.

அம்மா பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்தபோது நரம்பில் ஒளிந்த வைரஸ்தான் அக்கியாகத் திரும்புகிறது. காவி பூசுவதால் கொப்புளம் மறைந்து வைத்தியர் பார்க்க முடியாமல் போவதோடு சரி, வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. நெற்றியில், அதுவும் மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால், அதே நரம்பு கண்ணுக்கும் போவதால் கண் பாதிக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். முதல் 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் கூட: அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளுக்கு 5 தடவை, அல்லது வலசைக்ளோவிர் 1 கிராம் நாளுக்கு 3 தடவை, 7 முதல் 10 நாள் வரை. பிந்திவிட்டது என்றாலும் போங்கள், எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பிந்தியும் கொடுப்பார்கள்.

இளவயதில் ஒருவருக்கு முகத்தில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. பலருக்கு முதல் அடையாளமே அதுதான்.

இதே வைரஸ் விழித்திரைக்குள் போய்விட்டால் சி.எம்.வி.யை விட வேகம், சில நாட்களிலேயே பார்வையை எடுத்துவிடும். அப்போது வார்டில் படுத்து நரம்பிலும் கண்ணுக்குள்ளும் மருந்து ஏற்ற வேண்டும்.

கண் கூசுகிறது, தண்ணீர் ஓடுகிறது. பார்மசியில் ஒரு துளி வாங்கிப் போடட்டுமா?

வேண்டாம். வாய் ஓரத்தில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியில் மரக்கிளை மாதிரி புண் போடும். சாயத்துளி விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் அது தெரியும். பார்மசியில் கேட்டு வாங்கும் சில துளிகளில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும், போட்டதும் சிவப்பு குறைந்து சுகம் மாதிரி இருக்கும், உள்ளே புண் ஆழமாகும். சரியான மருந்து அசைக்ளோவிர் 3% களிம்பு நாளுக்கு 5 தடவை, அல்லது குளிசை.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் எதையும் விடாதீர்கள். அன்போடு செய்வது என்று தெரியும், ஆனால் காவல் குறைந்த கண்ணில் புதுக் கிருமி போக அது வழி.

இமையில் பரு மாதிரி முத்து முத்தாக, நடுவில் குழியோடு?

மொலஸ்கம் என்ற வைரஸாக இருக்கலாம். கிள்ளாதீர்கள். ஏ.ஆர்.டி. வேலை செய்யத் தொடங்கினால் பெரும்பாலும் தானாக உதிரும், தேவைப்பட்டால் அகற்றுவார்கள்.

விழித்திரையில் பஞ்சு மாதிரி வெள்ளைப் புள்ளி என்று ரிப்போட்டில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

அது மட்டும்தான் என்றால் பெரும்பாலும் எச்.ஐ.வி.யால் சின்ன இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்ட அடையாளம், தொற்று இல்லை. தனி மருந்து கிடையாது. ஆனால் சி.எம்.வி.யும் ஆரம்பத்தில் இப்படித் தெரியலாம் என்பதால் சொன்ன தேதியில் மறுபடி காட்டுங்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்குத் தொற்றுமா? ஒரே துவாயைத்தான் பாவிக்கிறோம்.

கண்ணீரால் எச்.ஐ.வி. தொற்றாது. விழித்திரையில் இருக்கும் சி.எம்.வி.யும் உங்களைப் பார்ப்பதால், தொடுவதால், கூடச் சாப்பிடுவதால் யாருக்கும் வராது. அக்கிக் கொப்புளத் தண்ணீரில் மட்டும் கவனம், கொப்புளிப்பான் வராதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பொருக்கு விழும்வரை கிட்டப் போகாதீர்கள். சாதாரண சிவப்புக் கண்நோய்தான் துவாயாலும் கையாலும் வீடு முழுக்கப் பரவும், அப்போது துவாயைத் தனியாக்குங்கள்.

கிளினிக்குக்கு என்னென்ன கொண்டுபோவது?

கடைசி சி.டி.4 ரிப்போட், இரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோட் ரிப்போட். போடும் எல்லாக் குளிசைகளின் வெற்றுப் பெட்டி அல்லது அட்டை, தமிழ் மருந்து, ஆயுர்வேதம் எடுத்தால் அதையும். எந்தக் கண், எந்தத் தேதியிலிருந்து, என்ன தெரிகிறது என்று ஒரு தாளில் இரண்டு வரி. பழைய கண் துண்டுகள். ஒரு கறுப்புக் கண்ணாடி. வரிசை நீளம் என்பதால் ஒரு போத்தல் தண்ணீரும் பணிஸும். தமிழில் பேச ஆள் வேண்டும் என்றால் நம்பர் எடுக்கும்போதே கேளுங்கள், உள்ளே போன பிறகு கேட்டால் அவசரத்தில் பாதி விளங்காமல் வெளியே வந்துவிடுவீர்கள்.